கோத்தகிரிக் குளிரில் கோரி மீன்கள்

கேள்வி சுருக்கமாக இது: வீடு கோத்தகிரியில். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, மூடி இல்லை, 50 வாட் ஹீட்டர், அடியில் எம்-சாண்ட். கோவையிலிருந்து ஆறு ப்ரான்ஸ் கோரி வாங்கிவந்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பிய மறுநாளே விட்டிருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் நான்கு இறந்துவிட்டன. அவற்றில் இரண்டு, தண்ணீர் முழுவதையும் மாற்றிய அன்று இரவே இறந்தவை. மிஞ்சிய இரண்டுக்கும் மீசை தேய்ந்திருக்கிறது. அடிக்கடி மேலே பாய்ந்து காற்றுக் குடிக்கின்றன. தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கிறது. இந்தச் சின்னக் கெளுத்திகள் மலைக்கு ஒத்துவராதா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாக ஒத்துவரும். இனத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் சென்னையைவிட நீலகிரியில் நன்றாகவே வளரும். கோரிகளுக்குக் குளிரைவிட ஏற்ற இறக்கம்தான் ஆகாது. உங்கள் தொட்டியில் சூடு, தண்ணீரின் பி.எச்., கழிவு மூன்றுமே நாளுக்கு ஒரு நிலையில் இருந்திருக்கின்றன. மூன்றையும் ஒரு நிலையில் நிறுத்துவதைப் பற்றித்தான் இந்தப் பதில் முழுவதும்.

முதலில், தண்ணீர் முழுவதையும் மாற்றிய அந்த நாள். மீன் விடும் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற, 26 டிகிரி சூட்டிலேயே நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். 16, 17 டிகிரியில் அதைவிட வெகு நாள் ஆகும். ஆக மூன்றாவது வாரத்தில் உங்கள் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருந்தது. அது நிறமற்றது, தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்படியானால் மீன்கள் ஏன் அதுவரை தாங்கின? நம் மலைத் தண்ணீர் மென்மையானது. சுண்ணாம்பு அதிகம் இல்லாத பாறைகளின் மேல் ஓடிவரும் மழைநீர் என்பதால் அமிலத்தைத் தாங்கும் உப்புகள், அதாவது கே.எச்., மிகக் குறைவு. வேலை தொடங்கிய பாக்டீரியா அந்தக் கொஞ்சத்தையும் தின்று தீர்த்துவிட, பி.எச். 6-க்கு அருகில் இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். பி.எச். 6-லிருந்து 7.5-க்கு ஏறினால் நச்சு வடிவின் பங்கு சுமார் 30 மடங்காகிவிடும்.

முழுத் தண்ணீரையும் மாற்றியபோது நடந்தது இரண்டு. மணலிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் தங்கியிருந்த கழிவு, பி.எச். கூடிய புதுத் தண்ணீரில் கலந்து நஞ்சானது. அத்துடன் 20 டிகிரிக்குப் பழகிய மீன், 13 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் நின்றது. குளோரின் நீக்காமல் ஊற்றியிருந்தால் செவுளும் வெந்திருக்கும். இனி எந்தக் காரணத்துக்காகவும் தொட்டியை முழுதாகக் காலி செய்ய வேண்டாம். ஒரு தடவையில் கால் பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம். பி.எச். சரிந்திருப்பது தெரிந்தால் அதையும் ஒரே நாளில் தூக்கி நிறுத்தக் கூடாது. நாளுக்கு 10 சதவீதம் தண்ணீர் மாற்றி மாற்றி, ஒரு வாரத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும்.

அடுத்தது சூடு. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் கொண்ட தொட்டிக்குச் சுற்றிலும், மேலும் கீழும் சேர்த்து 0.9 சதுர மீட்டர் பரப்பு. 5 மி.மீ. கண்ணாடி வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 5 வாட் வெளியேறும். ஜனவரி இரவில் அறை 12 டிகிரி, தண்ணீர் 22 டிகிரி என்றால் மூடி போட்ட தொட்டியே 45 வாட் இழக்கும். மூடி இல்லையென்றால் நீர் ஆவியாவதால் இழப்பு இன்னும் கூடும், 50 வாட் ஹீட்டரால் ஈடுகட்ட முடியாது. மின்னழுத்தமும் ஒரு காரணம். 230 வோல்ட்டில் 50 வாட் தரும் ஹீட்டர், மாலையில் எல்லா வீட்டிலும் கீசர் ஓடும்போது மின்னழுத்தம் 180-க்கு இறங்கினால் 31 வாட்தான் தரும். ஹீட்டரின் விளக்கு இரவு முழுக்க எரிந்தும் காலையில் தண்ணீர் 17 டிகிரியில் நிற்பதற்கு இதுதான் காரணம். நண்பகலில் மறுபடி 23. தினமும் ஆறு டிகிரி ஏறி இறங்கினால் எந்தக் கோரியும் நெடுநாள் தாங்காது.

100 வாட் ஹீட்டர் ஒன்றைவிட 50 வாட் ஹீட்டர் இரண்டு நல்லது. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் கெட்டுப்போனால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒற்றை 100 வாட் ஒட்டிக்கொண்டால் மீன் வெந்துவிடும், 50 வாட் ஒட்டிக்கொண்டால் கவனிக்க நேரம் கிடைக்கும். ஒன்று செத்துப்போனாலும் மற்றது ஓரளவு தாங்கும். தனி டிஜிட்டல் கன்ட்ரோலர் வாங்க முடிந்தால் அதை 22-க்கும், ஹீட்டர்களின் சொந்தத் திருகை 24-க்கும் வையுங்கள். அப்போது ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு காவல். தொட்டிக்குப் போகும் மின் இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டு, பிளக்கை அந்தத் தொங்கலுக்கு மேலே செருகுங்கள். ஒயர் வழியே வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே தெரிந்து, பிறகு தண்ணீர் பட்டால் விரிசல்தான். கோரிகள் குளிரில் ஹீட்டரை ஒட்டியே படுத்துக்கொள்ளும், வயிற்றில் சூட்டுப்புண் வரும். ஆகவே பிளாஸ்டிக் கூடு உள்ள ஹீட்டரையே வாங்குங்கள்.

ஹீட்டரைவிட மலிவான மருந்து தெர்மாகோல். ஓர் அங்குலப் பலகையை அடியிலும் பின்புறமும் இரு பக்கவாட்டிலும் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் 45 வாட் இழப்பு ஏறக்குறைய 24 வாட்டாகக் குறையும். இதே குளிர் நாள் முழுவதும் இருந்தால் ஒரு யூனிட் ஆகும் இடத்தில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்; இரு மாதக் கணக்கில் 65 யூனிட், 35 யூனிட் என்ற வித்தியாசம். கரன்ட் போனால் இதன் அருமை இன்னும் தெரியும். 22 டிகிரியில் இருக்கும் உங்கள் தொட்டி, 12 டிகிரி அறையில் ஆறு மணி நேரத்தில் வெறும் கண்ணாடி என்றால் 18-க்கு இறங்கிவிடும். தெர்மாகோல் போட்டிருந்தால் 19.5-இல் நிற்கும். கம்பளி ஒன்றை முன்புறமும் போர்த்திவிட்டால் அதற்கும் மேல். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைச் சூடு இன்னும் மூன்று நான்கு டிகிரி குறைவு என்பதால் அங்கே தெர்மாகோல் இல்லாமல் கோரி வளர்க்கவே வேண்டாம்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். தகர ஓட்டின் கீழ், வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னலோரம் இவை மூன்றும் ஆகாது. வீட்டின் நடு அறையில், உட்சுவர் ஓரமாக வையுங்கள். இரவில் சூடு தங்கும் இடம் அதுதான்.

சூட்டை 22-இல் நிறுத்தச் சொல்வதற்கு மின்கட்டணம் மட்டும் காரணமல்ல. கடையில் 26, 28 என்று சொல்லியிருப்பார்கள். அது சமவெளிப் பேச்சு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். 22 டிகிரியில் லிட்டருக்கு 7 மி.கி. வரை கரையும். 28 டிகிரிக்கு ஏற்றினால் 6.3 மி.கி.க்கு மேல் நிற்காது, மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடிவிடும். 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் நிலைமை இதைவிட ஒரு படி மோசம். குளிருக்குப் பயந்து அதிகச் சூடு வைப்பதும் மலையில் மீனைக் கொல்லும்.

அவை மேலே பாய்ந்து காற்றுக் குடிப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். கோரிக்குக் குடலின் பின்பகுதியில் காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும் வசதி உண்டு. மணிக்கு ஓரிரு தடவை மின்னலாய் மேலே போய் இறங்குவது அதன் இயல்பு. நிமிடத்துக்கு நிமிடம் போனால்தான் பிரச்சினை: ஒன்று ஆக்சிஜன் குறைவு, அல்லது அம்மோனியா, நைட்ரைட்டால் செவுள் பழுது. செவுள் மூடி வேகமாக அடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். எப்படியும் நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே நான்கு செ.மீ. இடம் விட வேண்டும். விளிம்பு வரை நிரப்பி மூடி போடுவது கோரிக்கு மூச்சை அடைப்பதற்குச் சமம்.

இனி எந்த இனம் என்பதற்கு வருவோம். மலைக்கு என் முதல் தேர்வு பெப்பர் கோரி, அறிவியல் பெயரில் பேலியேட்டஸ். சாம்பல் உடம்பில் கரும்பச்சைத் திட்டுகள், பெண் மீன் ஆறு ஏழு செ.மீ. வளரும். அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பக்கத்து லா பிளாட்டா ஆற்றுப்படுகையில் வாழ்வது. அங்கே குளிர்காலம் உண்டு என்பதால் 18 முதல் 23 டிகிரிதான் அதற்குச் சுகம். பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்த மீன்களை வைத்து 1842-ல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜெனின்ஸ் விவரித்த இனம் இது. கோரிகள் எல்லாம் அடங்கியிருந்த கோரிடோரஸ் பேரினத்தை 2024-ல் பலவாகப் பிரித்ததில் இது ஹோப்லிசோமா என்ற பேரினத்துக்குப் போய்விட்டது. கடைகளில் பழைய பெயரே புழங்கும், குழம்ப வேண்டாம். அடுத்த இடம் பாண்டா கோரிக்கு. பெரு நாட்டு மீன், 21-23 டிகிரியில் நன்றாக இருக்கும், ஆனால் கழிவைச் சற்றும் பொறுக்காது. ஆறு மாதமாவது ஓடிப் பழகிய தொட்டியில் மட்டும் விடுங்கள். நீங்கள் வைத்திருக்கும் ப்ரான்ஸ் கோரி 22-க்குக் கீழே போகாத வரை தாங்கும். ஸ்டெர்பாய் கோரி 25-க்கு மேல் கேட்கும், மலையில் அதை விட்டுவிடலாம். பிக்மி கோரி இரண்டரை செ.மீ. அளவுக் குட்டி, 23-24 டிகிரி நிலையாக வைக்க முடிந்தால் பத்துப் பன்னிரண்டாக வாங்கலாம். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏற்றி விற்கும் கோரிகளை எந்த விலைக்கும் தொடாதீர்கள். சாயம் மங்கும், மீனும் நோயோடுதான் வரும்.

சக்கர் மீன் வேண்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓரடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டியில் அதற்கு வாழ்க்கை கிடையாது. வளர்ந்த பிறகு ஓடையிலோ ஏரியிலோ விடுகிறார்கள். அது நம் நீர்நிலைகளுக்குச் செய்யும் துரோகம். நம்மூர்க் கெளிறும் அழகுதான், ஆனால் இரவில் சின்ன மீன்களை விழுங்கிவிடும். கோரியோடு சேர்க்க முடியாது.

இரண்டடித் தொட்டிக்கு ஆறிலிருந்து எட்டு பெப்பர் கோரி அளவானது. ஒன்றிரண்டாக வைத்தால் மூலையில் பதுங்கி, தின்னாமல் இளைக்கும். ஆறுக்குக் குறையக் கூடாது. மேல்மட்டத்துக்குத் துணையாக ஒயிட் கிளவுட் அல்லது ஜீப்ரா டேனியோ எட்டு விடலாம், இரண்டும் 21-22 டிகிரிக்கு ஒத்தவை. கோல்டு ஃபிஷ் குளிர் தாங்கும் என்று சேர்ப்பார்கள். அதன் கழிவு இந்த அளவுத் தொட்டிக்கு மிக அதிகம். ஏஞ்சல், டிஸ்கஸ் வகையறாவுக்குச் சூடு போதாது.

மணலை மாற்றியே ஆக வேண்டும். எம்-சாண்ட் என்பது உடைத்த கருங்கல். ஒவ்வொரு துகளுக்கும் விளிம்பு உண்டு. கோரி மணலை வாயில் அள்ளி, இரையை எடுத்துக்கொண்டு, செவுள் வழியே மணலை வெளியே விடும். நாள் முழுக்க இதையே செய்கிற மீனுக்கு அந்த விளிம்புகள் மீசையைச் சிராய்க்கும். அந்தச் சிராய்ப்பில், அடியில் தேங்கிய கழிவிலிருந்து பாக்டீரியா ஏறினால் மீசை அடிவரை கரைந்துபோகும். மென்மையான ஆற்றுமணல் அல்லது நீச்சல்குள ஃபில்டருக்கு விற்கும் உருண்டை மணல் சரியானது. மூன்று செ.மீ. கனத்துக்கு எட்டு கிலோ போதும். தண்ணீர் கலங்காமல் வரும்வரை பத்துப் பன்னிரண்டு தடவை அலசுங்கள். ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றி நுரை வருகிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, எவ்வளவு கரையும் என்று நம்மால் கட்டுப்படுத்த முடியாது. நான்கு நாளுக்கு ஒருமுறை விரலால் மணலை மேலாகக் கிளறிவிட்டால் அழுகல் தேங்காது. மீசை அடியோடு போகாமல் பாதி நின்றிருந்தால், சுத்தமான மணலில் சில மாதங்களில் திரும்ப வளரும்.

தண்ணீர் மாற்றும் முறை: வாரம் ஒருமுறை 10 லிட்டர். உங்கள் தொட்டியில் மணலும் மேல் இடைவெளியும் போக 43 லிட்டர்தான் இருக்கும், ஆகவே இது கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. குழாய் நீரைப் பிடித்து, குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) படிகம் 10 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து வைத்த கரைசலில் 1 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள், குளோரின் வாடை தூக்கலாக இருக்கும் நாளில் 2 மி.லி. வாளியில் ஓரிரவு வைத்தாலே குளோரின் போய்விடும் என்பது சமவெளி வெயிலுக்குச் சரி. குளிர்ந்த நீரில் அது மெதுவாகத்தான் போகும், நம்பாதீர்கள். 13 டிகிரி நீரை 21-க்குக் கொண்டுவர ஒன்பது லிட்டரோடு ஒரு லிட்டர் கொதிநீர் சேர்த்தால் போதும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், கணக்கு அதற்கேற்பத்தான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கீசர் தண்ணீரைப் பிடிக்க வேண்டாம். மென்மையான நீர் உள்ளே இருக்கும் செம்பைக் கரைத்துக்கொண்டு வரும், கெளுத்தி இனத்துக்குச் செம்பு ஆகாது.

கே.எச். குறைவுக்கு இரண்டு வழி. ஆப்ப சோடா 10 லிட்டருக்கு 0.6 கிராம், அதாவது டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு, கே.எச்.-ஐ அதன் அளவுகோலில் 2 டிகிரி உயர்த்தும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: கழுவிய கிளிஞ்சல் ஓடு 50 கிராமை உடைத்து வலைப்பையில் கட்டி, ஃபில்டர் அருகே போட்டுவிடுவது. தண்ணீர் அமிலமாகும்போது மட்டும் அதிகம் கரையும், அளவுக்கு மீறாது, மறந்துபோனாலும் வேலை நடக்கும். கே.எச். 3, பி.எச். 6.8 முதல் 7.4 வரை இருந்தால் போதும். உருளை, கேரட் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் கிணற்றுநீர் என்றால் ஊற்றும் முன் நைட்ரேட் பரிசோதித்துவிடுங்கள். உரம் இறங்கிய நீரில் மாற்றுவதற்கு முன்பே 40 மி.கி. காட்டினால் அந்த நீரால் பயனில்லை. அதைவிட மழைநீரும் கிளிஞ்சலும் மேல்.

மிஞ்சிய இரண்டு மீனையும் வேறு எங்கும் மாற்ற வேண்டாம், அந்தத் தொட்டியிலேயே காப்பாற்றலாம். தெர்மாகோல், மூடி, இரண்டாவது ஹீட்டர் முதலில். சூட்டை நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 23-க்குக் கொண்டுபோங்கள். பழைய மணலை ஒரே நாளில் அள்ளாமல், மூன்று நாளில் மூன்றில் ஒரு பங்காக எடுங்கள். ஏர் பம்ப்பில் ஓடும் இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர் வையுங்கள். ஊரில் யாரிடமாவது ஆரோக்கியமான பழைய தொட்டி இருந்தால் அதன் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்த கறுப்பு நீரைக் கேட்டு வாங்கி, உங்கள் ஸ்பாஞ்ச் மேல் ஊற்றுங்கள். ஆறு வாரம் என்பது இரண்டு வாரமாகக் குறையும். அம்மோனியா, நைட்ரைட் சோதனைப் பெட்டி வாங்காமல் இதைச் செய்யாதீர்கள். இரண்டில் எது 0.25 மி.கி.யைத் தாண்டினாலும் அன்றே 10 லிட்டர் மாற்றம். இரை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டே உருண்டை. தொடர்ந்து இரண்டு வாரம் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு புது மீன் வாங்கலாம். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டால் குளோரின் பட்டு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

புது மீன்களை மேலே கொண்டுவருவதில் மலைக்கே உரிய சிக்கல்கள் உண்டு. கோவையில் இறுக்கிக் கட்டிய பையில் உள்ள காற்று, கோத்தகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், ஊட்டி என்றால் கால் பங்கும் விரியும். முன்துடுப்பின் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும் கோரி, விறைத்த பையைச் சுலபமாகக் குத்திவிடும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடையும் இருக்கிறது. 10 லிட்டர் மூடி வாளியில் பாதித் தண்ணீர், பேட்டரி ஏர் பம்ப், சுற்றிலும் ஒரு போர்வை என்று கொண்டுவருவதே நல்லது. மிரண்ட கோரி தோலிலிருந்து நஞ்சு கசியும். சின்னப் பையில் எல்லா மீனையும் ஒன்றாக அடைத்தால் ஒன்று விடும் நஞ்சில் எல்லாமே செத்துப்போவதும் உண்டு. வாளி அதற்கும் பாதுகாப்பு. கடையில் பிடித்ததும் பதினைந்து நிமிடம் கழித்துத் தண்ணீரை ஒருமுறை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். முந்தின நாள் இரை போட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஏர் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக ஒரு மணி நேரம் வாளியில் விட்டு, பிறகு மீனை மட்டும் மாற்றுங்கள். வலையில் முள் சிக்கும், டம்ளரால் மொள்ளுவதே சரி.

'அடியில் இருக்கும் அழுக்கைத் தின்னும்' என்று விற்கிறார்களே, அதை நம்பிப் பட்டினி போட்டே பல கோரிகள் செத்துப்போகின்றன. அது புழு பூச்சி தின்னும் மீன். மூழ்கும் உருண்டை இரை, ஆறு மீனுக்கு ஐந்தாறு, விளக்கணைத்த பிறகு போடுங்கள்; வெளிச்சத்தில் மேல்மட்ட மீன்கள் அள்ளிவிடும். வாரம் இருமுறை உறையவைத்த ரத்தப்புழு. தோட்டத்து மண்புழுவைப் பொடியாக நறுக்கிப் போட்டால் ஆசையாகத் தின்னும், ஆனால் மருந்தடிக்காத மண்ணாக இருக்க வேண்டும். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் சாக்கடைப் புழு, நோயைக் காசு கொடுத்து வாங்குவதாகும். வயிறு தட்டையாக இருந்தால் சரி, உள்வாங்கிக் குழிந்திருந்தால் இரை போதவில்லை.

குளிர் பட்ட மீனுக்கு முதலில் வருவது வெண்புள்ளி நோய். ப்ரான்ஸ் கோரியானால் நாளுக்கு இரண்டு டிகிரியாக 30 வரை ஏற்றி, இரண்டு ஏர் ஸ்டோன் கூடுதலாகப் போட்டுப் பத்து முதல் பதினான்கு நாள் வைக்கலாம். பெப்பர் கோரிக்கு அந்தச் சூடு ஆகாது. 26 வரை ஏற்றி, மாலக்கைட் பச்சை மருந்தைப் பாதி அளவில் கொடுங்கள். செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம். கல்லுப்பைக் கைப்பிடியாகப் போடும் பழக்கமும் கோரிக்கு ஒவ்வாது.

தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து நாள்கணக்கில் கரன்ட் போகும்போது சூட்டைவிட முதலில் ஃபில்டரைப் பாருங்கள். ஏர் பம்ப் நான்கைந்து வாட்தான், இன்வெர்ட்டரிலோ பவர் பேங்க்கில் ஓடும் யு.எஸ்.பி. பம்ப்பிலோ ஓட்டலாம். ஒரு லிட்டர் பாட்டிலில் 80 டிகிரி வெந்நீர் நிரப்பி மிதக்கவிட்டால், அது ஆறும்போது தொட்டி 1.3 டிகிரி ஏறும். மூன்று மணி நேரத்துக்கு ஒன்று போதும். அந்த நாட்களில் இரை வேண்டாம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கரி கணப்பு, சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை உள்ள அறையில் பம்ப்பை வைக்காதீர்கள். சளிக்கு நீலகிரித் தைலம் தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டியில் விடக் கூடாது.

எல்லாம் நிலைப்பட்டு, பெப்பர் கோரி ஒரு வயதைத் தாண்டினால் முட்டையிடும். மழைக்காலத்தில் 18 டிகிரி நீரை 10 லிட்டர் மெதுவாக ஊற்றினால் தொட்டி ஒரு டிகிரி இறங்கும். ஹீட்டரை 20-க்குக் குறைத்து இரண்டு நாள் வைத்தால் தூண்டுதல் கிடைத்துவிடும். சமவெளிக்காரர்கள் ஐஸ் போட்டுச் செய்வதை இங்கே குழாயே செய்கிறது. பெண் மீன் வயிற்றுத் துடுப்பில் இரண்டு மூன்று முட்டையை ஏந்திப்போய்க் கண்ணாடியில் ஒட்டும். அரைநாள் கழித்து முட்டை கெட்டிப்பட்டதும் விரலால் உருட்டி எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய சின்ன டப்பாவில் ஏர் ஸ்டோன் அருகே வையுங்கள். டப்பா தொட்டிக்குள்ளேயே மிதக்கட்டும், சூடு மாறாது. வெள்ளையாகிப் பூசணம் பிடித்தவற்றை அன்றன்றே நீக்குங்கள். 22 டிகிரியில் ஐந்தாறு நாளில் பொரியும், அடுத்த இரண்டு மூன்று நாள் மஞ்சள் கருவே இரை. பிறகு மைக்ரோ வார்ம் என்ற நுண்புழு, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் குட்டி இறால். ஆர்ட்டீமியா முட்டை 26-28 டிகிரியில்தான் ஒழுங்காகப் பொரியும், மலை அறையில் திறந்து வைத்தால் இரண்டு நாளானாலும் பாதி பொரியாது. லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்த பாட்டிலை, பழைய 25 வாட் ஹீட்டர் போட்ட ஒரு வாளி நீரில் நிறுத்தி, காற்று விட்டு 28-இல் வைத்தால் மறுநாளே வலையில் வடித்துக் கொடுத்துவிடலாம். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுக் கொடுங்கள். குஞ்சுகளுக்கு அந்த உப்பு சேரக் கூடாது.